டூன் விருந்து அத்தியாயம்: மனக்குரல் இல்லாமல் 4 பக்கத்தில் அடக்குவது எப்படி?

காகிதக்கொக்கு:

ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் அறிவியல் புனைகதை நாவல் ‘டூன்’ (1965) படித்தவர்களுக்கு அராக்கீன் மாளிகை விருந்து அத்தியாயம் நினைவிருக்கும். படிக்காதவர்களுக்கு: அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்தை ஆள வந்திருக்கும் பிரபு லெட்டோ அட்ரெய்டீஸ், துணைவி ஜெசிகா, மகன் பால் மூவரும் ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் விருந்து அது. டேவிட் லிஞ்சின் 1984 படத்தில் அந்தக் காட்சி இல்லை. டெனி வில்னூவின் 2021 படத்திலும் இல்லை. 2000-இல் வந்த தொலைக்காட்சிக் குறுந்தொடரில் மட்டும் உண்டு.

அந்த ஒரே அத்தியாயத்தைத் திரைக்கதையாக எழுத வேண்டும். பயிற்சிதான், படம் எடுக்கப் போவதில்லை. நிபந்தனை மூன்று: 4 பக்கம் தாண்டக் கூடாது, வாய்ஸ் ஓவர் கூடாது, நாவல் படிக்காதவருக்கும் புரிய வேண்டும். முதல் வரைவு 11 பக்கம். அதில் பாதி ‘ஜெசிகா மனதுக்குள் நினைக்கிறாள்’ என்றே வந்திருக்கிறது.

எதை வெட்டுவது? மனதுக்குள் ஓடுவதை எப்படி வெளியே கொண்டு வருவது? இரண்டு பெரிய படங்களும் இதைத் தொடாததற்கு நீளம் மட்டும்தான் காரணமா?

வெட்டுமேசை:

நீளமும் ஒரு காரணம். கணக்கைப் பாருங்கள். ஆங்கில மூலம் ஏறக்குறைய 1,88,000 சொற்கள், ஒலிப்புத்தகமாகக் கேட்டால் சுமார் 21 மணி நேரம். 120 பக்கத் திரைக்கதையில் இருபதாயிரத்துச் சொச்சம் சொற்கள்தான் இருக்கும். ஒரு பக்கம் ஒரு நிமிடம். லிஞ்சுக்குக் கிடைத்தது 137 நிமிடம். வில்னூவ் கதையை இரண்டாகப் பிரித்ததால் 155 + 166, மொத்தம் 321 நிமிடம். அவ்வளவு இடம் கிடைத்தவரே விருந்தை விட்டுவிட்டார் என்றால் நீளத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த அத்தியாயம் கதைக்குச் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பேரரசின் அதிகாரியாக அங்கே இருக்கும் சூழலியலாளர் கைன்ஸ் மனதில் லெட்டோ மீது மதிப்பு வருகிறது. அராக்கிஸில் தண்ணீர்தான் செல்வம், அதிகாரம், அவமானம் எல்லாம் என்று தெரிகிறது. வங்கிக்காரன் எதிரிக் குடும்பமான ஹார்கோனன்களின் ஆள் என்று ஜெசிகா கண்டுபிடிக்கிறாள். லெட்டோ பாதியில் எழுந்து போக, 15 வயதுப் பால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து விருந்தை நடத்துகிறான்.

இதில் முதல் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. ராட்சத மணல்புழு வரும்போது ஸ்பைஸ் (அராக்கிஸில் மட்டும் கிடைக்கும் விலைமதிப்பற்ற பொருள்) அறுவடை வண்டியைக் கைவிட்டு ஆட்களைக் காப்பாற்றுகிறாரே லெட்டோ, கைன்ஸின் மனம் அசைவது அங்கேதான். நாவலிலும் அப்படித்தான், 2021 படத்திலும் அப்படித்தான். இரண்டாவது வேலையைப் படம் பேரீச்சை மரங்களிடம் கொடுத்துவிட்டது. ஒரு மரம் குடிப்பது 5 மனிதர்களின் தண்ணீர், 20 மரம் நின்றால் 100 பேரின் தண்ணீர். தோட்டக்காரர் பேசும் அந்தச் சிறு காட்சியும், பாலைவன மக்களான ஃப்ரெமன்களின் தலைவர் ஸ்டில்கார் மரியாதையாக மேசையில் துப்புவதும் போதும், தண்ணீரின் மதிப்பு புரிந்துவிடுகிறது. வங்கிக்காரன் அதற்குப் பிறகு கதைக்குத் தேவையே இல்லை.

மிச்சம் இருப்பது பால் நாற்காலி மாறுவது மட்டும்தான். உங்கள் 4 பக்கமும் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். வேறு எந்தக் காட்சியும் செய்யாத வேலை அது ஒன்றுதான்.

இனி மனக்குரல். இந்த நாவலைப் படமாக்குவதில் உண்மையான சிக்கல் இதுதான், பிரம்மாண்டம் எல்லாம் பிறகு. ஹெர்பர்ட் ஒரே பத்திக்குள் மூன்று பேர் தலைக்குள் போய் வருவார். லிஞ்ச் அதை அப்படியே கிசுகிசுக் குரலாக வைத்தார். என்ன ஆகிறது என்றால், நடிகரின் முகம் முதலில் சொல்லிவிடுகிறது, பிறகு குரல் வந்து அதையே திரும்பச் சொல்கிறது. குரல் முடியும்வரை எதிரில் இருப்பவர் சும்மா காத்திருக்க வேண்டும். படத்தின் வேகம் செத்துப் போவது இந்த இடைவெளிகளில்தான்.

மாற்று வழி, எண்ணத்தை இன்னொரு உடம்புக்குக் கொடுப்பது. பால் வலியைத் தாங்குகிறானா என்று பார்க்கும் கோம் ஜபார் சோதனையை இரண்டு படத்திலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 1984-இல் பயத்துக்கு எதிரான மந்திரம் பாலின் மனக்குரலாக வரும், கூடவே கை கருகும் காட்சி. 2021-இல் கதவுக்கு வெளியே நிற்கும் ஜெசிகா அதை முணுமுணுக்கிறாள். மகனின் வலி அம்மாவின் வாயில் வருகிறது. கதவு நடுவில் இருப்பதால் அவளால் எதுவும் செய்ய முடியாது என்பதும் சேர்ந்து தெரிகிறது. மந்திரம் ஒன்றுதான், வாய்தான் வேறு.

2021 படத்தில் விரல் பேச்சும் இருக்கிறது. அட்ரெய்டீஸ் குடும்பத்தின் சைகை மொழி, நாவலிலேயே உள்ளது. சப்டைட்டில் போட்டு எண்ணங்களில் பாதியை அதில் ஏற்றிவிட்டார்கள். உங்கள் காட்சிக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது. வங்கிக்காரன் பேசுகிறான். ஜெசிகாவின் விரல் மேசைத் துணி மேல் இரண்டு முறை அசைகிறது. சப்டைட்டில் ‘அவர்களுடைய ஆள்’. பால் பேச்சைத் திருப்புகிறான். மூன்று ஷாட்டில் உங்கள் ஒன்றரைப் பக்கம் மிச்சம்.

செய்முறை: அத்தியாயத்தை அச்செடுத்து, வெளியே தெரியும் செயலுக்கு ஒரு நிறம், பேச்சுக்கு ஒன்று, எண்ணத்துக்கு ஒன்று அடியுங்கள். எண்ண வரி ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதனால் யாராவது ஏதாவது செய்கிறார்களா? செய்தால் செயலை மட்டும் வையுங்கள். இல்லை என்றால் எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் போகட்டும்.

பாலைப்பித்தன்:

வெட்டுமேசை சொல்வதில் பாதி சரி. ஆனால் ‘தண்ணீரின் மதிப்பை மரங்கள் சொல்லிவிட்டன’ என்பதை ஏற்க மாட்டேன். மரங்கள் சொல்வது தண்ணீர் அரிது என்று. விருந்து சொல்வது தண்ணீரை வைத்து மனிதனை எப்படி மட்டம் தட்டுவார்கள் என்று. இரண்டும் வேறு.

நாவலில் வரும் வழக்கம் என்ன? வாசலில் கை அலம்பும் பாத்திரம். விருந்தாளி கையை நனைத்துத் தரையில் தாராளமாகச் சிந்த வேண்டும், துண்டில் துடைத்து எறிய வேண்டும். வெளியே காத்திருக்கும் பிச்சைக்காரர்களுக்கு அந்தத் துண்டைப் பிழிந்த தண்ணீர். லெட்டோ அதை நிறுத்திவிட்டு, விருந்து முடியும்வரை வந்து கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். பிறகு மேசையில் என்ன செய்கிறார்? தன் குடுவையில் பாதியை அவரே தரையில் ஊற்றுகிறார். எல்லோரும் அவரைப் பின்பற்றியாக வேண்டும். கைன்ஸ் மட்டும் தன் பங்கை அங்கிக்குள் இருக்கும் கலத்தில் ஊற்றிக்கொள்கிறார்.

கைன்ஸ் யார் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். அரசாங்க அதிகாரி வேஷத்தில் இருக்கும் ஃப்ரெமன் அவர் என்பது அந்த ஒரு கையசைவில் இருக்கிறது. வசனமே இல்லாமல் 10 நொடி. இதை வெட்டினால் பாவம்.

காட்சி தவிர்க்கப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹெர்பர்ட் ரகசியத்தை முன்கூட்டியே உடைத்துவிடுகிறார். அட்ரெய்டீஸ் வீட்டு மருத்துவர் யூவேதான் துரோகி என்று, ஹார்கோனன் குடும்பத் தலைவர் பாரன் வரும் இரண்டாவது அத்தியாயத்திலேயே சொல்லியாகிவிட்டது. இளவரசி இருலான் எழுதியதாக அத்தியாயங்களின் தொடக்கத்தில் வரும் குறிப்புகளும் நடக்கப் போவதைக் காட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே வாசகர் விருந்தைப் படிக்கும்போது ‘இந்த வீடு விழப் போகிறது, இவர்களுக்குத் தெரியவில்லை’ என்ற பதைப்புடன் படிக்கிறார். மேசையில் நடக்கும் சாதாரணப் பேச்சுக்கூட அதனால் கனக்கிறது.

2021 படம் யூவேயை துரோகம் நடக்கும்வரை மறைத்தது. அதனால் அங்கே விருந்து வைத்திருந்தால் வெறும் பேச்சுக் கச்சேரியாகத்தான் இருந்திருக்கும். மறைத்ததில் நஷ்டமும் உண்டு. யூவேயின் நெற்றியில் வைரக் குறி தெரிகிறது, ஆனால் அது எதற்கு என்று படம் சொல்லவில்லை. உயிரே போனாலும் துரோகம் செய்ய முடியாதபடி பயிற்றப்பட்ட மருத்துவர் அவர். அது தெரியாதவருக்கு அந்தத் துரோகம் சாதாரணத் துரோகம். லெட்டோவின் பாதுகாப்புத் தலைவர் ஹவாட் ஜெசிகாவைச் சந்தேகிக்கும் கிளைக்கதையும் இதோடு போய்விட்டது.

ஆகவே காகிதக்கொக்கு, பார்வையாளரிடம் துரோகியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டு விருந்தைத் தொடங்குங்கள். யூவே கூடத்தின் வாசலில் நின்று குழந்தையைப் பார்ப்பதுபோல் பாலைப் பார்க்கிறார், உள்ளே வர மனமில்லாமல் திரும்புகிறார். நாலு வரி போதும்.

தண்ணீர் விஷயத்தில் அசட்டை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு லிஞ்ச் படத்தின் முடிவே சாட்சி. அராக்கிஸில் மழை கொட்டுகிறது. நாவலில் தண்ணீர் மணல்புழுவுக்கு விஷம். சிறு புழுவைத் தண்ணீரில் மூழ்கடித்துத்தான் ஃப்ரெமன் சடங்குக்கான ஜீவநீரையே எடுக்கிறார்கள். மழை பெய்தால் புழு சாகும், புழு செத்தால் ஸ்பைஸ் இல்லை, ஸ்பைஸ் இல்லாமல் பேரரசு இல்லை. வெற்றிக்குப் பெய்ய வைத்த மழை கதையின் அடிவேரையே அரித்துவிட்டது.

ஊர்க்குருவி:

பேசாம 11 பக்கத்தையும் வெச்சுக்கிட்டு வெப் சீரிஸ்னு சொல்லிடுங்க. பிரச்சினை முடிஞ்சுது.

வெட்டுமேசை:

அதைத்தான் 2000-இல் செய்து பார்த்தார்களே ஐயா. மூன்று பகுதி, ஏறக்குறைய 265 நிமிடம். விருந்து இருக்கிறது, ஆனால் இளவரசி இருலானையே விருந்தாளியாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவள் பாலுடன் பேசுவதால் தண்ணீர் வியாபாரி, கடத்தல்காரர், வங்கிக்காரன் இவர்களுக்கு நடுவில் இருந்த இழுபறி பின்னால் போய்விட்டது. நேரம் கிடைத்தால் மட்டும் காட்சி நன்றாக வந்துவிடாது. ஆனால் இறுதிக் காட்சியில் பால் மணக்கப் போகும் பெண்ணை முன்கூட்டியே அறிமுகப்படுத்தியது நல்ல வேலை. நாவலில் அவள் புத்தகக் குறிப்புகளின் ஆசிரியராக மட்டுமே இருந்து, முடிவில்தான் நேரில் வருவாள்.

மேட்_மாமா:

எழுத்துப் பக்கம் ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. எடுக்கிற பக்கம் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா தாளில் 4 பக்கம் இருந்தாலும் தளத்தில் இது பூதம்.

பெரிய படத்துல ஒரு நாளைக்கு ரெண்டு மூணு பக்கம் எடுத்தா நல்ல வேகம். சாப்பாட்டு மேசை சீன்னா அதுவும் ஆகாது. 10 பேர் உட்கார்ந்திருந்தா ஒவ்வொருத்தர் பார்வையும் யார் பக்கம்னு கணக்கு வெச்சுக்கணும். 180 டிகிரி கோட்டை, அதாவது பேசுறவங்களுக்கு நடுவுல கேமரா தாண்டக் கூடாத கற்பனைக் கோட்டைத் தாண்டினா எதிரெதிர்ல இருக்கிறவங்க ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி ஆயிடும். இங்க கூடுதல் வம்பு: லெட்டோ எழுந்து போய் பால் அந்த நாற்காலிக்கு மாறுறான். அந்த நொடியில கோடே மாறுது. முன்னாடி எடுத்த குளோசப் எதுவும் பின்பாதிக்கு ஒட்டாது. அதனால சீனை ரெண்டா உடைச்சு, முன்பாதி முழுக்க முடிச்சுட்டுத்தான் லைட்டைத் திருப்பணும். எழுதும்போதே பால் ஆரம்பத்துல எங்க உட்காருறான்னு முடிவு பண்ணுங்க. மேசை நடுவுல, வங்கிக்காரனுக்கு நேர் எதிர்ல வைங்க. அப்புறம் தலைமாட்டுக்கு நகரும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது தண்ணீர் கன்டினியூட்டி. ஒவ்வொரு குடுவையிலும் எவ்வளவு இருக்குன்னு ஒவ்வொரு டேக்குக்கும் போட்டோ எடுத்து வைக்கணும். லெட்டோ பாதி ஊத்தின பிறகு எடுக்கிற எல்லா ஷாட்லயும் எல்லார் குடுவையும் பாதிதான். கண்ணாடிக் குடுவை வேண்டாம், உலோகமோ மண்ணோ வைங்க, பாதித் தொல்லை போச்சு. ஊத்தின தண்ணியைத் தரையில கேமரா பிடிக்கணும்னா கருங்கல் மாதிரி இருண்ட தரை வேணும், வெளிச்சம் பின்னாலிருந்து தாழ்வா வரணும். மேலேயிருந்து அடிச்சா தண்ணி காணாமப் போயிடும். டேக்குக்கு டேக் துடைச்சுக் காய வைக்கிற நேரத்தையும் சேர்த்துக்கோங்க. சத்தம் தளத்துல பிடிக்காதீங்க, பின்னாடி ஃபோலியில, அதாவது ஒலிக்கூடத்துல தனியா உண்டாக்கிச் சேர்க்கலாம். மேசையே அமைதியாகி, தண்ணி கல்லுல விழுற சத்தம் மட்டும் கேட்டா அதுதான் சீன்.

நாவல்ல அந்தரத்தில் மிதக்கிற விளக்கு வரும். கம்பியில தொங்கவிட்டு சிஜியில கம்பியை அழிக்கிறது சுலபம், ஆனா ஆள் தலைக்குப் பின்னாடி கம்பி வர்ற ஷாட்டைக் குறைச்சுக்கோங்க. முடி மேல கம்பி அழிக்கிறதுதான் காசு தின்னும்.

2021 படத்துல காசு எங்க போச்சுன்னு பார்த்தா ஏன் விருந்துக்கு மனசு வரலைன்னும் புரியும். பாலைவன ஷாட்டுக்கு பின்னணியை மாத்தறதுக்கான ப்ளூ மேட், கிரீன் மேட் திரை கட்டாம மணல் நிற மேட் கட்டினாங்க. காரணம், பச்சை மேட் வெச்சா முகத்துலயும் முடி ஓரத்துலயும் பச்சை அடிக்கும், அதை டிஐ-ல (நிறம் திருத்துற கட்டத்துல) கழுவணும். மணல் நிறம் அடிச்சா அது பாலைவனத்துல இயல்பா அடிக்கிற வெளிச்சம்தான், கழுவவே வேண்டாம். அந்த நிறத்தைத் தலைகீழாத் திருப்பினா நீலம் வரும், அதை வெச்சுப் பிரிச்சு எடுத்தாங்க. தும்பி விமானத்தை முழு அளவுல செஞ்சு, ஆட்டுற மேடை மேல ஏத்தி, புடாபெஸ்ட் பக்கம் ஒரு குன்றில வெச்சு, சுத்தி மணல் நிறத் தடுப்பு கட்டி, நிஜ வெயில்ல எடுத்தாங்க. ஸ்டுடியோ லைட்ல சூரியன் ஒரே திசையிலிருந்து அவ்வளவு கடினமா விழாது, கண்ணாடிக் கூண்டுல வர்ற பிரதிபலிப்பும் பொய்யாத் தெரியும். படத்தை டிஜிட்டல்ல எடுத்து 35 மி.மீ. நெகட்டிவுக்கு மாத்தி மறுபடி ஸ்கேன் பண்ணினது தனிக்கதை.

ஒரு சின்ன ஆறுதல்: விருந்து போனாலும் சாப்பாட்டு மேசை போகலை. பாலோட தாத்தாவைக் கொன்ன காளையின் தலை நாவல்ல விருந்துக் கூடத்துச் சுவர்லதான் மாட்டியிருக்கும், கொம்புல ரத்தக் கறையோட. படத்துல லெட்டோ சாகிறது நீள மேசையில, அந்தக் காளைத் தலைக்குக் கீழே. பாரன் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுறான். விருந்தையும் சாவையும் ஒண்ணாக் கட்டிட்டாங்க.

காகிதக்கொக்கு:

எல்லோருக்கும் நன்றி. மறுபடி எழுதியதில் 5 பக்கத்துக்கு வந்திருக்கிறது. வரிசை இது:

வாசலில் துண்டு பிழிகிறார்கள், லெட்டோ பார்த்து நிறுத்துகிறார். யூவே வாசலில் நின்று திரும்புகிறார். எல்லோரும் உட்காருகிறார்கள். லெட்டோ தண்ணீர் ஊற்றுகிறார், ஒவ்வொருவராக ஊற்றுகிறார்கள், கைன்ஸ் மட்டும் அங்கிக்குள். வங்கிக்காரன் இந்த ஊர்ப் பறவைகள் ரத்தம் குடிக்கும் என்கிறான். ஜெசிகாவின் விரல். லெட்டோவுக்குச் செய்தி வருகிறது, எழுந்து போகிறார், பால் நாற்காலி மாறுகிறான். பால் மூழ்கிச் செத்த மீனவன் கதையைச் சொல்கிறான். மேசை உறைகிறது. கைன்ஸ் சிரிக்கிறார். மறுபடி சாப்பிடத் தொடங்குகிறார்கள், பிச்சைக்காரர்களுக்குக் கோப்பையில் தண்ணீர் போகிறது.

இதில் ஒரு பக்கம் எங்கே குறைப்பது? பாலின் கதையை இருலான் குறிப்பாக ஆரம்பத்தில் எழுத்தில் போட்டுவிடலாமா என்றும் ஒரு யோசனை.

வெட்டுமேசை:

எழுத்தில் போடாதீர்கள். கதை அவன் வாயில் வந்தால்தான் அடி விழும். மூழ்கியவனின் தோளில் இன்னொருவன் ஏறி நின்ற காயம் இருந்தது, உயிர் பிழைக்க அப்படிச் செய்வது புரிகிறது, ஆனால் வரவேற்பறையிலும் சாப்பாட்டு மேசையிலும் செய்தால் புரியவில்லை என்று அப்பா சொன்னார், இவ்வளவுதானே. நாலு வாக்கியத்தில் முடியும். ஒரு பையன் பெரியவர்களிடம் ‘நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்லாமல் சொல்கிறான். கவனியுங்கள், பாலைவனத்தில் உட்கார்ந்து தண்ணீரில் மூழ்குவதைப் பற்றிப் பேசுகிறான். அராக்கிஸிலேயே பிறந்து வளர்ந்த எவரும் அவ்வளவு தண்ணீரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மௌனத்துக்கு அரைப் பக்கம் கொடுங்கள்.

குறைக்க வேண்டிய இடம்: முதலில் ‘ஒவ்வொருவராக ஊற்றுகிறார்கள்’. இருவர் போதும். தண்ணீர் வியாபாரி பியூட் தயங்கி ஊற்றட்டும், அடுத்த ஷாட் கைன்ஸ். நடுவில் இருப்பவர்கள் சத்தமாக மட்டும் வரட்டும். அரைப் பக்கம் போயிற்று. பறவை வசனத்தில் முதல் இரண்டு வரியை எடுங்கள், வங்கிக்காரன் பேச்சின் நடுவிலேயே காட்சிக்குள் நுழையலாம். கால் பக்கம். யூவே வசனம் பேசுகிறாரா? பேசினால் அதையும் எடுங்கள்.

கைன்ஸ் சிரிப்பதோடு வெட்டுங்கள். ‘மறுபடி சாப்பிடத் தொடங்குகிறார்கள்’ எதற்கு? பிச்சைக்காரர்கள் கடைசியில் வந்தால் லெட்டோ நல்லவர் என்று இரண்டாம் முறை சொல்வதாக ஆகும், முதல் காட்சியிலேயே சொல்லியாயிற்று.

பாலைப்பித்தன்:

இதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஒன்று மட்டும். துண்டு பிழிவதை நிறுத்தும்போது அதை எதிர்க்கும் வேலைக்காரி மேப்ஸை விட்டுவிடாதீர்கள். ‘இது வழக்கம் ஐயா’ என்று ஒரு வரி. வழக்கம் என்று தெரியாவிட்டால் லெட்டோ எதை உடைக்கிறார் என்று புதியவருக்குப் புரியாது, ஏதோ வாசலில் அழுக்குத் துணி கிடந்ததைக் கண்டிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

மேட்_மாமா:

அந்த வாசல் சீனையும் மேசை சீனையும் ஒரே செட்ல, ஒரே நாள்ல பிளான் பண்ற மாதிரி எழுதுங்க. வாசலிலிருந்தே மேசை தெரியணும். இல்லைன்னா யூவே எங்க நின்னு எங்க பார்க்கிறார்னு தனி ஷாட் வேணும், அந்த அரைப் பக்கம் திரும்பி வந்துடும்.

காகிதக்கொக்கு:

மேப்ஸ் வரியைச் சேர்த்து, பியூட்–கைன்ஸ் இரண்டு ஷாட்டாக்கி, சிரிப்போடு வெட்டியதில் 4 பக்கமும் மூன்று வரியும். அந்த மூன்று வரி யூவேயின் வசனம்.